வாயாடியின் கை

"நம்ம உடம்பு ஏன் நம்மளையே அடிக்குது, டாக்டர்?" என்று கேட்டாள் அந்த ஒன்பது வயதுச் சிறுமி. அவள் கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். உள்ளே ரத்தக்குழாய்கள் வீங்கியிருந்தன.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கிருமியை விரட்ட உடம்புல ஒரு படை இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுங்கதான் அதுக்குத் தபால்காரங்க. சிலது 'சண்டை போடு'ன்னு சொல்லும். சிலது 'போதும், நிறுத்து'ன்னு சொல்லும். உனக்கு அந்தப் 'போதும்' சரியாப் போய்ச் சேரல."

"என்னோட தபால்காரன் வழியிலயே தூங்கிட்டான்!" என்றான் பக்கத்துக் கட்டில் பையன். அவனுக்கும் அதே நோய்தான், இன்னும் கடுமையாக. வார்டில் அவன் பெயர் வாயாடி.

அன்று நர்ஸ் ரத்தம் எடுக்க வந்தபோது சிறுமி ஊசியைப் பார்த்து அலறினாள். அவன்தான் கையை நீட்டினான். "முதல்ல எனக்கு எடுங்கக்கா. இவ பார்த்துக்கட்டும்."

அவனுக்கு மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. "எறும்புகூட இதைவிட நல்லாக் கடிக்கும்," என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் வாயாடி பேசவே இல்லை. கண் மூடிக் கிடந்தான். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஊசி கழன்றுவிட்டது. நர்ஸ் இரண்டு இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை.

"கை முழுக்கக் கறுத்துப் போச்சேம்மா," என்றாள் அவன் அம்மா.

"மருந்து போயே ஆகணும்மா. நான் போய்ப் பெரிய நர்ஸைக் கூட்டிட்டு வரேன்."

"நரம்பு ஏன் ஒளிஞ்சுக்குது?" என்று கேட்டாள் சிறுமி.

"கை ஜில்லுன்னு இருந்தா சுருங்கிடும், குட்டி. சூடு பட்டா, ரத்தக்குழாயோட சுவரே ஒரு மூலக்கூறை அனுப்பி 'விரிஞ்சு கொடு'ன்னு சொல்லும். வெந்நீர்த் துணி வெச்சேன், அது உடனே ஆறிடுது."

நர்ஸ் போனாள். அழுகையை அடக்க முடியாமல் அவன் அம்மாவும் வெளியே போனாள்.

சிறுமி மெல்ல இறங்கினாள். அடுத்தவரைத் தொடும் முன் கை கழுவ வேண்டும். அது வார்டின் சட்டம். குழாய்த் தண்ணீரில் கை விறைத்துப்போனது. இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, சூடேறும்வரை நின்றாள். பிறகு அவன் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

அது ஈரக் கல்லைப் போல இருந்தது. தன் கை ஆறியதும் மறுபடி அக்குள். மறுபடி அவன் கை.

"கடவுளே, 'போதும்'னு நீயும் கொஞ்சம் சொல்லேன்," என்று முணுமுணுத்தாள்.

காலடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அட!" என்றது பெரிய நர்ஸின் குரல். "நரம்பு இல்லேன்னியே? இதோ நல்லாத் தெரியுதே."

ஒரே குத்து. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

"அந்தத் துணிதான் வேலை செஞ்சிருக்கு," என்றாள் முதல் நர்ஸ்.

சிறுமி ஜில்லிட்டுப்போன கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.