வாசக்காரியின் சனிக்கிழமைகள்

மழைக்கு ஒதுங்கியது உஸ்மா செய்த முதல் தப்பு. கையை நீட்டியது இரண்டாவது.

ஒப்பணக்காரத் தெருவில் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. டவுன்ஹால் பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடியவள், துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக் கண்ணில் பட்ட முதல் கடைக்குள் ஏறினாள். ஏறிய பிறகுதான் பார்த்தாள்... சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். தேன் நிறம், பொன் நிறம், இளம்பச்சை.

அத்தர் கடை! ஊரில் இத்தனை கடை இருக்க... இங்கேயா வந்து ஏற வேண்டும்?

"வாங்க, வாங்க... நல்லா நனைஞ்சுட்டீங்களே..."

கல்லாவிலிருந்து எழுந்தவனுக்கு அவளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். பெரிய கண்கள். மழையில் நனைந்தது அவள்தான் என்றாலும் ஈரமாக இருந்தவை அந்தக் கண்கள். அவளைப் பார்த்ததும் அவை இன்னும் விரிந்தன.

"ஏனுங்க... நீங்க 'வாசக்காரி' தானுங்களே?"

'வாசக்காரி' என்பது யூடியூபில் உஸ்மா நடத்தும் சேனல். வெட் கிரைண்டர் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் நேரம் போக, கடை கடையாக ஏறி அத்தர் வாங்குவாள். ஒரு நாள் முழுக்கப் பூசிக்கொண்டு திரிவாள். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்வாள். 'இது சந்தனம் இல்லைங்க, சந்தன சோப்பு' என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

"நான் இல்யாஸ். உங்க வீடியோ ஒண்ணு விடாமப் பார்ப்பேனுங்க. நம்ம கடை ரோஜா ஒண்ணு புதுசா வந்திருக்குது... உங்க வாயால ஒரு வார்த்தை..."

அவசர அவசரமாக ஒரு குப்பியை எடுத்தான். கண்ணாடிக் குச்சியை நனைத்து நீட்டினான். மறுக்க முடியவில்லை. மணிக்கட்டில் சில்லென்று ஒரு துளி.

உஸ்மா கண்களை மூடி மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. வெறும் காற்று. இரண்டு மாதமாக அப்படித்தான்... ஒரு காய்ச்சல் வந்து போனது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது.

"அருமைங்க," என்றாள். "விடியக்காலையில பறிச்ச ரோஜா மாதிரி... அடியில லேசாத் தேன்."

கண்ணைத் திறந்தாள். இல்யாஸ் கையிலிருந்த குப்பியை முகர்ந்துவிட்டு, முகம் வெளுத்து நின்றான்.

"மன்னிச்சுக்கங்க... மாத்தி எடுத்துப்போட்டேன். இது... வெட்டிவேருங்க."



வெட்டிவேருக்கும் ரோஜாவுக்கும் வித்தியாசம் தெரியாதவளா வாசக்காரி? அவன் கண்ணில் கேள்வி எழுந்தது. அடுத்த நொடியே விடையும் அதில் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வேணும்னே சோதிச்சுப் பார்க்கறீங்களா?"

"ஐயோ இல்லீங்க..."

கொட்டுகிற மழையில் இறங்கி நடந்துவிட்டாள்.

துடியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். கவுண்டம்பாளையத்தில் ஒரு பேக்கரி வாசலில் தட்டு தட்டாகப் பப்ஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. ஆவி தெரிந்தது. வாசம்தான் இல்லை. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று. அம்மா ரம்ஜான் பீவி அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இது நம்ம ஊட்டை விட்டு வெளிய போகப்படாது கண்ணு. சம்பந்தம் பேசற நேரம்."

அதனால்தான் போன மாதம், பழகிய அத்தர்கள் இரண்டை நினைவில் வைத்தே விமர்சனம் போட்டாள். யாருக்கும் தெரியவில்லை. இன்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது... அதுவும் ஒரு வீடியோ விடாமல் பார்க்கிறவனுக்கு.

'எனக்கே என் பேச்சில் நம்பிக்கை இல்லாதபோது கேட்கிறவர்கள் எதற்கு?'

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அழுகை நின்றிருந்தது. வீட்டுக்குப் போனதும் செல்போனை நிமிர்த்தி வைத்தாள். முகம்கூடக் கழுவவில்லை.

"எனக்கு இப்ப வாசம் தெரியறது இல்லைங்க. போன ரெண்டு வீடியோவும் பொய். அழிச்சுட்டேன். மூக்கு திரும்பி வந்தா, நானும் வாரேன்."

அந்த வீடியோ பெருந்துறை வரை போனது. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. 'தாளிக்கிறது கருகினாக்கூடத் தெரியாத பொண்ணை வச்சு எப்படிங்க குடும்பம் நடத்தறது' என்று கேட்டார்களாம். அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. உஸ்மா மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை நேரே அந்தக் கடைக்குப் போனாள்.

"ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். நாலும் வேணும். தினமும் இதுகளை மோந்து பழகுனா நரம்பு முழிச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

இல்யாஸ் நான்கு குப்பிகளைத் துடைத்து வரிசையாக வைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அன்னிக்கு நான் சோதிக்கலைங்க. கை நடுங்கிப்போச்சு."

"ஏன் நடுங்குச்சு?"

"நீங்க உள்ள வந்தீங்க... அதான்."

உஸ்மா அவசரமாகக் குப்பிகளை எண்ணினாள். நான்கை எண்ண யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது...

அதிலிருந்து சனிக்கிழமை மாலைகள் அந்தக் கடையில் கழிந்தன. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவன் ஒரு குப்பியைத் திறந்து நீட்டுவான்.

"எலுமிச்சைங்களா?"

"தப்பு."

"கிராம்பு?"

"அதுவும் தப்புங்க. இன்னும் ரெண்டுதான் பாக்கி, தைரியமாச் சொல்லுங்க."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். சொன்னா ஊதுபத்தியை எடுத்து அடிப்பீங்க."

சிரித்துவிடுவாள். கண்ணைத் திறந்தால் அவன் கண்கள் அங்கேயே இருக்கும்... ஒரு கணம் தாமதமாக விலகும். வீட்டில் தினமும் காலையும் மாலையும் அவள் விடாமல் முகர்ந்தாள். ஆடிக் காற்று வந்தது. புரட்டாசியும் போனது. மூக்கு மட்டும் அசையவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையை நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது... இது என்ன புதுசாய்?

ஐப்பசியின் முதல் வாரத்தில் அவன் கேட்டுவிட்டான். குப்பியை மூடியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எங்கம்மாவைக் கூட்டிட்டு உங்க ஊட்டுக்கு வரட்டுங்களா? பொண்ணு கேட்டு..."

ஆசைப்பட்டுக் காத்திருந்த வார்த்தைதான். ஆனால் அது காதில் விழுந்தபோது கூடவே பெருந்துறைப் பேச்சும் விழுந்தது.

"பெருந்துறைக்காரங்க வேண்டாம்னாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதானே?"

"கேள்விப்பட்டேன். ஆனா அதுக்காக..."

"பரிதாபப்பட்டு யாரும் என்னை எடுத்துக்க வேண்டாங்க. மூக்குதான் போச்சு, மானம் இன்னும் இருக்குது."

இல்யாஸ் நிமிர்ந்து பார்த்தான். அவள் அதுவரை பார்த்திராத பார்வை. அடிபட்ட பார்வை. குப்பியை அலமாரியில் வைத்தான். அவள் இறங்கிப் போனாள். அவன் கூப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. வீட்டு மேஜையில் நான்கு குப்பிகளோடு தனியாக உட்கார்ந்தாள். ரோஜா... ஒன்றுமில்லை. எலுமிச்சை... ஒன்றுமில்லை. 'தப்பு' என்று சொல்லவும் ஆளில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசம் இல்லாத இந்த மாதங்களை அவளால் தள்ள முடிந்திருக்கிறது. அவன் இல்லாத இரண்டு சனிக்கிழமைகளைத் தள்ள முடியவில்லை.

'மூக்கு வந்த பிறகு தலை நிமிர்ந்து போகலாம் என்றுதானே இருந்தேன்? வராமலே போனால்? வாழ்நாள் முழுக்க இந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பேனா?'

எழுந்து செருப்பை மாட்டினாள்.

"இந்த மழையில எங்க போறே?" ரம்ஜான் பீவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தர் கடைக்கும்மா. ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். திட்டு விழும் என்று உஸ்மா காத்திருந்தாள்.

"ரெண்டு வாரமா நீ சாப்பிடற லட்சணத்தை நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன். குடை கதவுக்குப் பின்னால இருக்குது, எடுத்துட்டுப் போ."

கடையில் அவன் மட்டும்தான் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நான் ஒண்ணு சொல்ல வந்தேனுங்க. அன்னிக்கு நான் பேசினது..." என்றவள் நின்றாள். புருவம் சுருங்கியது. "ஏனுங்க... இங்க ஏதோ கருகுது."

இல்யாஸ் பதறிப்போய் சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பார்த்தான். ஊதுபத்தித் தட்டைப் பார்த்தான். "ஒண்ணுமில்லையே..."

"இல்லீங்க. டயர் எரியற நாத்தம். நெம்பப் பக்கத்துல."

அலமாரிப் பக்கம் போனாள். இல்லை. வாசல் பக்கம்... இல்லை. அவன் நின்ற பக்கம் திரும்பினாள். ஒரு அடி. இன்னொரு அடி. அவன் சட்டைக்கு அருகே வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"உங்க மேலதான்! என்னத்தைப் பூசியிருக்கீங்க?"

"ரோஜாங்க. வெறும் ரோஜா அத்..."

பாதியில் நிறுத்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"நாத்தம்... தெரியுதுங்களா?" "உஸ்மா... உங்களுக்கு நாத்தம் தெரியுது!"

கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் எச்சரித்திருந்தார். நரம்பு விழிக்கும்போது முதலில் கோணலாகத்தான் விழிக்கும், நல்ல வாசமெல்லாம் சில மாதங்களுக்கு நாற்றமாகத் தெரியும் என்று. உஸ்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அவனுக்கும் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னான். "பரிதாபம்னு சொல்லிட்டீங்க. பரிதாபம் இருந்திருந்தா ஒரு வாரமாவது 'சரி'ன்னு பொய் சொல்லியிருப்பேனுங்க. வாரா வாரம் மூஞ்சிக்கு நேரா 'தப்பு'ன்னேன். நீங்க ஜெயிக்கறவங்கன்னு எனக்குத் தெரியும்... அதான்."

அவள் தலையை ஆட்டினாள்.

"இந்த நாத்தம் போக எத்தனை மாசம் ஆகுமோ..." அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். "போய்க் குளிச்சுட்டு வாரேன். இல்லாட்டி அக்கட்டால தள்ளி நிக்கட்டுங்களா?"

"ஒரு அடி நகர்ந்தீங்க... அப்புறம் தெரியும் சேதி." கண்ணில் நீர் வழிய, அந்த எரிகிற டயர் நாற்றத்தை ஆழமாக, ஆசை தீர இழுத்துக்கொண்டு சொன்னாள். "மூக்கு வராட்டியும் இதைச் சொல்லிட்டுத்தான் போறதுன்னு வந்தேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. நெம்பப் பிடிச்சிருக்கு... இந்த நாத்தத்தோட சேர்த்து. நாளைக்கே உங்கம்மாவைக் கூட்டிட்டு வாங்க."