ரோஜா மணத்த மருந்து

நைவாஷா ரோஜாப் பண்ணையிலிருந்து நலியாக்கா மூச்சிரைக்க வந்து நின்றபோது, செரோனோ அம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்றவர். முட்டாள்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்த வரிசையில் தானும் இருப்பது வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒடேராவுக்குத் தெரியும். இருந்தும், அவர் எங்கே விசாரிக்கக் கிளம்பினாலும் முதல் ஆளாக வண்டியை எடுப்பான்.

"என் தங்கச்சி நசாம்பு நேத்து பேக்கிங் கூடத்துல மூச்சுத் திணறி விழுந்துட்டா, டாக்டரம்மா. இப்ப ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. ஆஸ்துமா இன்ஹேலர ஒழுங்கா எடுக்கல, அவ தப்புதான்னு பண்ணை நர்ஸ் கச்சூயி எழுதிக் குடுத்துட்டாரு. வேலைய விட்டும் தூக்கிட்டாங்க."

"எடுத்தாளா, இல்லையா?"

"ஒரு நாள் விட்டதில்ல. தினம் காலையில ஆஸ்துமாக்காரங்க எல்லாம் வரிசையில நிப்பாங்க. நர்ஸே வாயில ஒரு பிளாஸ்டிக் பாட்டில வெச்சு, மறுபக்கம் எதுன்னே தெரியாம துணி சுத்தின மருந்த அழுத்துவாரு. முன்னெல்லாம் அதுல பூ வாசனையே கிடையாதாம். ரெண்டு மாசமா ஈரமா, ரோஜா வாசனையா வருதாம்."

ஒடேரா சிரித்தான். "ரோஜாப் பண்ணையில உகாலிக் களிகூட ரோஜா மணக்கும்."

"அப்ப முன்னாடி ஏன் மணக்கல?" என்றார் செரோனோ. ஒடேரா வண்டியை எடுத்தான்.

பண்ணை மருந்தகத்தில் மேலாளர் கமாண்டே அவர்களை உட்காரச் சொல்லவில்லை. "இந்தக் கூலிங்களுக்கு மருந்து குடுத்தாலும் எடுக்கத் தெரியாது" என்றார்.

செரோனோ அவரைப் பொருட்படுத்தாமல் நர்ஸைப் பார்த்தார். "எவ்வளவு குடுத்தீங்க?"

"தினமும் பக்கத்துக்கு ரெண்டு, மேடம். ஒரு குறையும் வைக்கல."

"வாய்க்கு எத்தனை பக்கம்?"

கச்சூயி அலமாரியை மறைத்து நின்றார்.

"ரெண்டு பக்கம் இருக்கிறது மூக்குக்கு. மூக்கு ஸ்ப்ரே சீட்டுல இருக்கிறத அப்படியே ஒப்பிக்கிறீங்க. ஈரமா, பூ வாசனையோட வர்றதும் அந்த ஸ்ப்ரேல சிலதுதான். அலமாரியத் திறங்க."

உள்ளே ஸ்ப்ரே பெட்டிகள் அடுக்கியிருந்தன. இன்ஹேலர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் டவுன் மருந்துக்கடைக்கு விலைக்குப் போய்விட்டதைக் கச்சூயி மெல்ல ஒப்புக்கொண்டார்.

"ஆனா ரெண்டும் ஒரே ஸ்டீராய்டுதான், மேடம். பெட்டியில பேரப் பாருங்க."

"பேரு படிக்கத் தெரிஞ்சா நர்ஸா? ஸ்ப்ரேயோட துளி பெருசு. மூக்கோட நிக்கத்தான் அத செய்றாங்க. தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் நல்லது. இன்ஹேலர்ல வர்றது ரொம்பப் பொடிசு, நுரையீரல் வரைக்கும் போகும். நீங்க அவ தொண்டைய நனைச்சீங்க. நெஞ்சு ரெண்டு மாசமா மருந்தில்லாம கிடந்திருக்கு."

மேலாளர் குரலைத் தணித்தார். "வெளியில பேச வேண்டாம். அந்தப் பொண்ண வேலைக்கு எடுத்துக்குறோம்."

"அவ மட்டுமா? வரிசையில இன்னும் எத்தனை பேரு?"

"பதிமூணு" என்றார் கச்சூயி, தரையைப் பார்த்து.

யாரும் சொல்லாமலே ஒடேரா பேக்கிங் கூடத்துக்கு ஓடினான். பதிமூன்று பேரும் ரோஜா இலை ஒட்டிய ஏப்ரன்களோடு வந்து நின்றார்கள். செரோனோ ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ஒவ்வொருவர் முதுகிலும் வைத்தார். மேலாளர் ஏதோ விளக்கத் தொடங்கினார்.

"வாய மூடுங்க. நெஞ்சு கேக்கணும்."

மூன்றாவது பெண்ணின் நெஞ்சில் மூச்சு விசிலடித்தது. செரோனோ திரும்பிப் பார்க்காமலே மேலாளரின் பக்கம் கையை நீட்டினார்.

"உங்க கார் சாவி. ஆஸ்பத்திரிக்கு."