சில்லுவின் கைக்கு ஒரு கிட்டார்

சில்லு கிட்டார் வாங்கப் போன அன்று மழை பெய்ததா, வெயில் அடித்ததா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவளுடைய மாமா சொல்லும் கதையில் குடை வருகிறது. சில்லு சொல்லும் கதையில் குடையே இல்லை. அவள் அம்மாவைக் கேட்டால், "எனக்கு வேற வேலை இல்லையா?" என்கிறார். ஆனால் கடைக்குள் நடந்ததை மட்டும் மூன்று பேரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

சில்லுவுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். அவளுடைய பொருட்கள் எல்லாமே அவளைவிடப் பெரியவை. ஷூவுக்குள் பஞ்சு வைத்துத்தான் நடப்பாள். மழைக்கோட்டு தரையைக் கூட்டிக்கொண்டே வரும். சைக்கிள் வாங்கி ஒரு வருடமாகிவிட்டது, இன்னும் பெடல் எட்டவில்லை.

இத்தனைக்கும் அவளுடைய அம்மா தையல் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் நூல் பிசகாமல் அளவெடுத்துத் தைப்பார். சொந்த மகளுக்கு மட்டும் இரண்டு வருடம் கழித்துப் பொருந்தும் அளவில் தைப்பார்.

"வளர்ற பிள்ளை," என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பள்ளியில் இசை வகுப்பு ஆரம்பித்திருந்தது. முதல் இரண்டு வாரம் பள்ளிக் கிட்டாரில் பழகலாம், பிறகு சொந்தமாக ஒன்று வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அம்மா ஒரு உறையில் பணம் சேர்த்து வைத்திருந்தார். தவறான கிட்டார் வீட்டுக்கு வந்தால், இன்னொன்று வாங்க வழியில்லை. இசை வகுப்பும் அதோடு போய்விடும். சில்லுவுக்கு இது நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்கும் மகளுக்கும் துணையாக மாமா வந்தார். கல்லூரியில் கிட்டார் வாசித்தவர். அதாவது, வாசித்தேன் என்று சொல்பவர்.

கடைக்காரர் சுவரிலிருந்து ஒரு பெரிய கிட்டாரை இறக்கினார். பளபளவென்று முகம் தெரிந்தது. மாமா அதை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கேட்டியா அக்கா? கடையே அதிருது."

"விலையும் குறைச்சிருக்கோம் மேடம்," என்றார் கடைக்காரர். "பாப்பா காலேஜ் போற வரைக்கும் இதே போதும்."

அந்த ஒரு வார்த்தையில் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நான் மடியில வெச்சுப் பாக்கணும்," என்றாள் சில்லு.

ஸ்டூலில் உட்காரவிட்டு, மடியில் வைத்தார்கள். கிட்டாருக்குப் பின்னால் அவளுடைய கண்களும் நெற்றியும்தான் தெரிந்தன. வலது கையை மேலே போட்டால் தோள் காதைத் தொட்டது. இடது கை கிட்டாரின் கழுத்தில் பாதி தூரம்தான் போனது. கம்பிகள் கழுத்தை விட்டு உயரமாக நின்றன. பல்லைக் கடித்து அழுத்தினாள். விரலில் கோடு விழுந்தது. கிட்டாரிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"பாட்டு வரலைன்னாலும் தாளம் வருதே," என்றார் மாமா.

"ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் வலிக்கும் பாப்பா," என்றார் கடைக்காரர்.

சில்லு பெரிய கிட்டாரை மாமாவிடம் கொடுத்தாள். இறங்கி, கடையின் மூலையில் இருந்த ஒரு சின்னக் கிட்டாரை எடுத்து வந்தாள். முக்கால் அளவு. நைலான் தந்தி. பளபளப்பு கிடையாது. மடியில் வைத்ததும் அது பேசாமல் உட்கார்ந்துகொண்டது. தந்திகளைச் சேர்த்து மீட்டும் ஸ்வரக்கட்டுகளில் பள்ளியில் கற்ற இரண்டே இரண்டை வாசித்தாள். மெல்லிய சத்தம்தான். ஆனால் ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்டது.

"கொசு பாடுற மாதிரி இருக்கு," என்றார் மாமா.

"கொசுவாவது பாடுது மாமா. அந்தப் பெருசு பாடவே இல்லையே."

அம்மா உறையை எடுத்தார். "அந்தப் பெருசையே கட்டுங்க சார்."

"வேண்டாம்," என்றாள் சில்லு.

"ரெண்டு வருஷத்துல இது சின்னதாயிடும். அப்போ என்ன பண்ணுவ?"

"அப்போ எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும்மா. பெருசை வாங்கினா, ரெண்டு வருஷம் கழிச்சு வளர்ந்த கை மட்டும்தான் இருக்கும்."

அம்மா கண்ணாலேயே மிரட்டினார். சில்லு அசையவில்லை. சின்னக் கிட்டாரை இறுக்கி அணைத்தபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமா கூரையைப் பார்த்தார். கடைக்காரர் மேசையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். சில்லுவுக்கு அழுகை வந்தது. அழுதால் அடம் என்று சொல்லிவிடுவார்கள். விழுங்கிக்கொண்டாள்.

அம்மாவின் பையைப் பார்த்தாள். "அம்மா, உன் பையில டேப் இருக்குல்ல?"

"அதுக்கென்ன?"

"கடைக்கு வர்றவங்களை அளவெடுக்கிற மாதிரி என்னையும் அளவெடு. அடுத்த வருஷத்துக் கையை இல்ல. இந்தக் கையை."

அம்மா சலித்துக்கொண்டேதான் டேப்பை எடுத்தார். ஆனால் டேப் கைக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அது வேலை நேரத்து முகம். பெரிய கிட்டாரை மகள் மடியில் வைத்து, அவள் விரல் எட்டிய இடத்திலிருந்து எட்ட வேண்டிய இடம் வரை டேப்பைப் பிடித்தார். மறுபடி பிடித்தார். பிறகு சின்னக் கிட்டாரில் பிடித்தார். அதில் அளக்க ஒன்றும் மிச்சமில்லை. விரல் போய்ச் சேர்ந்திருந்தது.

"நாலு அங்குலம் பத்தலை," என்றார், பெரியதைக் காட்டி.

"வளர்ற பிள்ளைதானே அக்கா," என்றார் மாமா.

"நாலு அங்குலம் தப்பா இருக்கிற சட்டையை என் கடையிலேர்ந்து வெளிய அனுப்பினதில்லடா," என்றார் அம்மா. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "சார், அந்தச் சின்னதைக் கட்டுங்க."

அதன் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய கிட்டாரை மாமாவே அடுத்த மாதம் வாங்கிக்கொண்டார். அவருக்கு இன்றும் மூன்று பாட்டுதான் தெரியும். கடைக்காரர் இப்போதெல்லாம் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்துவிட்டுத்தான் சுவரில் மாட்டிய கிட்டாரில் கை வைக்கிறார். அம்மா உறையில் மிஞ்சியதை அப்படியே எடுத்து வைத்தார், பிறகு மாதாமாதம் கொஞ்சம் சேர்த்தார். சில்லு பள்ளி இசைக்குழுவில் வாசிக்கிறாள். கை வளர்ந்ததும் அந்தப் பணத்தில் முழு அளவு கிட்டார் ஒன்றைத் தானே தேடி வாங்கினாள். சின்னதை, இசை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் மடியில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. கொடுத்துவிட்டாள்.