வெளிப்பக்கம் சங்கத்துடையது

அழைப்பு மணியின் பொத்தானைக் காணவில்லை. காலையில் கணவனையும் மகளையும் வழியனுப்பியபோது இருந்தது. பதினொரு மணிக்கு நூல்கண்டு வாங்கிக்கொண்டு திரும்பிய தையல்காரி, பொத்தான் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். ஈர சிமெண்ட் விரலில் ஒட்டியது. கதவில் 44 என்ற எண்ணும் இல்லை.

குடியிருப்போர் சங்கம் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வராந்தாவில் மழைத்தண்ணீர் தேங்கி அவள் கதவு உப்பிப்போனதற்கு யார் பொறுப்பு என்று ஆறு மாதச் சண்டை. போன ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்டுவிட்டாள்.

"உள்பக்கம் என்னோடது சார், ஒத்துக்கறேன். வெளிப்பக்கம் நனையறது உங்க வராந்தாவுல. அதை நீங்கதான் பாக்கணும்!"

'சட்டப்புத்தகம்' என்று குடியிருப்பே கேலி செய்யும் செயலாளர் அதிசயமாகச் சிரித்தார். "சரிம்மா. கதவு, ஜன்னல், சுவர், எதுவானாலும் வெளிப்பக்கம் சங்கத்தோட பொறுப்பு. கையெழுத்துப் போடுங்க. முன்னாடி ஒருத்தங்களும் இதையேதான் கேட்டாங்க."

"யாரு சார்?"

"ஞாபகமில்லம்மா."

"சட்டப்புத்தகத்தையே மடிச்சு வெச்சுட்டியே!" என்று கணவன் அன்று முழுக்கக் கிண்டலடித்தான்.

மகளுக்கு நாளை பள்ளி மேடையில் நடனம். நாலு மணிக்கு அப்பாவோடு வந்ததும் நீல கவுனைப் போட்டுப் பார்க்க வேண்டும். தையல்காரி மெஷினில் உட்கார்ந்தாள். மெஷினின் கடகடப்புக்கு நடுவே, இடப்பக்கச் சுவருக்குள்ளிருந்து, கொஞ்ச நாளாகவே வரும் அந்தத் தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. மூன்று தட்டு. ஒரு இடைவெளி. மூன்று தட்டு. அந்தப் பக்கம் வீடே கிடையாது. வராந்தாவில் 42-க்கு அடுத்து நீளமாக ஒரு மொட்டைச் சுவர், பிறகு 44. நாற்பத்துமூன்று ராசியில்லை என்று விட்டிருப்பார்கள். அந்தச் சுவரோரம் ஒரு சின்ன சைக்கிள் நிற்கும். யாருடையது என்று எவருக்கும் தெரியாது. தட்டும் சத்தத்தைப் பற்றி அவள் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தாள். "அது பொதுச் சுவர். நாங்க பாத்துக்கறோம்," என்றார் செயலாளர்.

மூன்று மணி சுமாருக்கு, கொத்தனார் கரண்டியால் பூச்சை இழுத்துத் தேய்க்கும் சத்தம் கதவுக்கு அப்பால் கேட்டது. சளைக்காத, அவசரமில்லாத தேய்ப்பு. ஈர சிமெண்ட் வாடை கதவிடுக்கு வழியாக வந்து துணி வாசனையை அமுக்கியது. அறை மங்கிக்கொண்டே வந்தது. மழை வரப்போகிறது என்று விளக்கைப் போட்டாள்.

கவுன் முடிந்தது. நூலைக் கடித்தாள். கதவிடுக்கின் வெளிச்சக் கோடு இல்லை.

திரைச்சீலையை விலக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் வானம் இல்லை. சாம்பல் நிறப் பூச்சு. ஈரமாக.

ஓடிப்போய்க் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தாள்.

சுவர்.

செயலாளரைப் போனில் அழைத்தாள். "சார், கதவை அடைச்சுட்டாங்க! நான் உள்ள இருக்கேன் சார்!"

"தெரியும்மா. வெளிப்பக்கம் எங்களோடது. உள்பக்கம் உங்களோடது. அதை நாங்க தொடவே மாட்டோம்."

போன் வைக்கப்பட்டது.

நாலு மணி. சுவருக்கு அப்பால் காலடிகள். மகளின் செருப்புச் சத்தம், அவளுக்குத் தெரியாதா! கணவனை அழைத்தாள். மணி வெளியிலேயே ஒலித்தது.

"ஹலோ?"

"என்னங்க, நான்தான்! சுவரை உடைங்க!"

"யாருங்க பேசறது? ராங் நம்பர்."

போனை எறிந்தாள். முஷ்டியால் குத்தினாள். மூன்று முறை. மறுபடி மூன்று.

"அப்பா, உள்ள யாரோ தட்றாங்க."

"அது பொதுச் சுவர் கண்ணு," செயலாளரின் குரல் கனிவாக இருந்தது. "நாங்க பாத்துக்கறோம்."

"வாடா செல்லம், நம்ம வீட்டுக்குப் போலாம்," என்றான் கணவன்.

சின்னச் செருப்புகள் தயங்கின. பிறகு நடந்தன. வலப்பக்கம். 45-இன் கதவு திறந்தது. மூடியது.

கத்தினாள். தட்டினாள். விரல் முட்டி கிழிந்தது. கையில் சுற்றிக்கொண்ட நீல கவுனில் ரத்தம்.

கை ஓய்ந்தது.

அப்போது இடப்பக்கச் சுவரிலிருந்து, மிக அருகில், யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். மூன்று முறை.