வாளிக்கு மூன்று தட்டு

இரும்பு வாளியில் மண் இறங்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

தொட்டி மண் இறங்கத்தான் செய்யும். அடியில் நிரப்பிய காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் மட்கி அமுங்க, மேல்மண் மெல்ல உட்காரும். அவ்வப்போது இரண்டு கை மண் போட வேண்டியிருக்கும். லதாவின் பின்வாசலில், பெயின்ட் டப்பாக்களில் இருந்த தக்காளியும் மிளகாயும் வெண்டையும் அப்படித்தான் இறங்கின. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுத் தூசி படிந்த தரையை நம்பாமல் அவள் எல்லாவற்றையும் தொட்டியிலேயே வளர்த்தாள்.

கத்தரி வைத்த வாளி மட்டும் வேறு. அவள் கணவன் திலீப் ராபர்ட்சன்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்த சுரங்க வாளி. இடுப்பு உயரம், உள்ளே ஒரு ஆள் குந்தலாம். நட்டபோது விளிம்புக்கு ஒரு முழம் கீழே இருந்த நாற்று இப்போது விளிம்புக்கு வந்துவிட்டது. செடி வளரவில்லை. இலை அதே ஆறுதான்.

சாயங்காலம் வழக்கம்போல் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். மண் காய்ந்திருந்தால் தொட்டி கணீரென்று ஒலிக்கும், ஈரமிருந்தால் மொத்தென்று அடங்கும். சந்தேகமில்லாமல் கேட்க மூன்று தட்டு. ஒரு வாரமாகத் தண்ணீர் ஊற்றாத வாளி மொத்தென்றது.

"இன்னாம்மா, டெய்லி மூணு தட்டு தட்டுறே?"

பக்கத்து வீட்டு பர்னபாஸ். மூடிப்போன நந்திதுர்க் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணியடித்தவர். மதில்மேல் கையூன்றிச் சிரித்தார்.

"ஈரம் பாக்குறேன் அங்கிள்."

"எங்க ஷாஃப்ட்ல மூணு அடிச்சா, ஆள் ஏறியாச்சு, மேல இழுன்னு அர்த்தம். நல்லவேளை, இப்ப கீழ முழுக்கத் தண்ணி. இழுத்தா மீன்தான் வரும்."

லதாவும் சிரித்தாள். அவர் எட்டி வாளியைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்தார்.

"வெயில்ல வெச்சிருந்தியா?"

"இல்லியே. நிழல்லதான் இருக்குது."

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "கீழ லெவல்ல பாறை இப்டித்தான் சுடும்," என்றார். சிரிப்பு போயிருந்தது. "இனிமே தட்டாதம்மா." உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டார்.

கரண்ட் போனது. தெரு முழுக்க இருட்டு. ஈரக் கல்லும் வெடிமருந்துப் புகையும் கலந்த வாசனை வாளியிலிருந்து எழுந்து, மிளகாய்ச் செடிகளின் பச்சை வாசனையை மூடி, அவள் தொண்டையில் கசந்தது. விளிம்பு தாண்டி மண் பொலபொலவென்று வெளியே உதிரும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் திலீப்பின் நினைவு வந்தது. பெங்களூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருப்பான். பின்கேட் வழியாக நுழைந்து, கால் கழுவுமுன் வாளியைத் தட்டிப் பார்ப்பான். அவள்தான் பழக்கியிருந்தாள். 'மூணு வாட்டி தட்டுங்க, அப்பதான் தெரியும்.'

போன் போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடியும் போட்டாள். கிடைக்கவில்லை.

பின்கேட்டைப் பூட்டிவிட வேண்டும். சாவி அடுப்படியில். இருட்டில் அலமாரியைத் துழாவினாள். டப்பா உருண்டது. கேட் கிறீச்சிட்டது.

"லதா, இன்னா இது, மண்ணெல்லாம் கீழ கொட்டிக் கிடக்குது?"

"தட்டாதீங்க."

மொத்.

ஓடினாள். வாசற்படி. ஈர மண் காலில் சுட்டது.

மொத்.

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கையாலும். விடாமல்.

"இன்னா ஆச்சு உனுக்கு?"

இரண்டுதான். இரண்டோடு நின்றுவிட்டது. அவன் கை அவள் பிடியில் இருந்தது. அசையவில்லை.

மூன்றாவது தட்டு உள்ளேயிருந்து வந்தது.

மண் பிளந்தது. கத்தரிச் செடி மெல்லச் சாய்ந்து, வேரோடு கீழே விழுந்தது. விளிம்பைப் பற்றி நான்கு விரல்கள். அவற்றின்மேல் இன்னொரு கை. அதன்மேல் இன்னொன்று. இடம் போதாமல், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வாளியைச் சுற்றிலும்.