இருவரும் ஒருவரா?

சுவரில் ஒரு முகம் இருப்பதாக அந்த மென்பொருள் சொன்னது.

ராதிகாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பா ஆறுமுகமும் அம்மா ஜெயம்மாவும் மாலையும் கழுத்துமாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. இருவர் முகத்தைச் சுற்றியும் மெல்லிய மஞ்சள் கட்டம். அப்பாவின் தோளுக்கு மேலே, சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரின்மேல், சரியாக ஒரு முகத்தின் அளவில் இன்னொரு கட்டம். அதன் கீழே சின்ன எழுத்தில் 'இவர் யார்?' என்று ஒரு கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை வரப்போகிற இருட்டு. தங்கச் சுரங்கத்தின் கழிவு மணல் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்த மணல், சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளின் தகரக் கூரைமேல் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது. மற்ற நாட்களில் அவள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். ஞாயிறு ஒன்றுதான் அவளுடையது. அதையும் இப்போது அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள்.

ஜெயம்மாவுக்கு மனிதர்கள் மறந்துகொண்டு வந்தார்கள். போன மாதம் எதிர்வீட்டு ஸ்டீவனைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டாள். செத்து ஆறு வருஷமான புருஷன் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லையே என்று வாசலில் போய் உட்கார்ந்தாள். தினமும் பழைய படங்களைக் காட்டிப் பேர் சொல்லிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். டிரங்குப் பெட்டியில் இருந்த அத்தனை படங்களையும், பங்காருபேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தம்பி நாகேஷ் ஸ்கேன் செய்து கொடுத்தான். தன் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டான்.

எந்த மென்பொருளில் போட்டு அடுக்குவது என்று ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஒரு வாரம் ராதிகா படித்தாள். காசில்லாமல் கிடைப்பவை நிறைய இருந்தன. ஒன்று கம்ப்யூட்டரையே நகரவிடாமல் செய்கிறது என்று திட்டியிருந்தார்கள். ஒன்று நூறு படம் தாண்டியதும் காசு கேட்கிறதாம். இன்னொன்றுக்குக் கறுப்பாக இருப்பவர்களின் முகம் தெரியவே இல்லை என்று ஒரு பெண் கோபமாக எழுதியிருந்தாள். கடைசியாகக் கண்ணில் பட்டதற்கு மட்டும் ஒரே புகழ். 'எல்லோரையும் கண்டுபிடித்துவிடுகிறது. ஒருவரையும் விடுவதில்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். தன் குடும்பத்துக்கு அதுதான் வேண்டும் என்று நினைத்து ராதிகா அதை இறக்கிக்கொண்டாள். நாகேஷுக்கும் அனுப்பினாள்.

அடுத்த படம் அவளுடைய முதல் பிறந்தநாள். கேக்குக்குப் பின்னால், சமையல்கட்டு வாசலின் இருட்டில், ஒரு கட்டம். சுரங்க வாசலில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்கு முன்னால் அப்பாவும் கூட்டாளிகளும் ஹெல்மெட்டோடு நிற்கும் படத்தில், இரண்டு பேரின் தோள்களுக்கு நடுவே இருந்த வெறும் இடத்தில் ஒரு கட்டம். நாகேஷின் கல்யாணப் படத்தில், மணமகள் சுமாவின் காதோரம். படங்களை வருஷ வரிசைப்படி வைத்துப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்தக் கட்டம் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

பிறகு திரை மாறியது. இடப்பக்கம் அந்தச் சுவர்த் துண்டு. வலப்பக்கம் அப்பாவின் முகம். நடுவில் கேள்வி: 'இருவரும் ஒருவரா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

இல்லை என்பதை அழுத்தினாள். இல்லை என்று சொல்வதில் ராதிகா பேர்போனவள். சுரங்கம் மூடியபின் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகச் சொன்னவர்களிடம் அதைத்தான் சொன்னாள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வந்தால் கட்டிக்கொள்கிறேன் என்ற மாப்பிள்ளையிடமும் அதையேதான் சொன்னாள்.

சுவரும் பெரியப்பாவும். இல்லை. இருட்டும் அத்தையும். இல்லை. செத்துப்போனவர்கள் எல்லோரையும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்திக் கேட்டுவிட்டு, மென்பொருள் மறுபடி அப்பாவிடமே வந்தது. அவள் எரிச்சலோடு நாகேஷுக்குப் போன் போட்டாள். அவனுக்கும் அதே தொல்லைதானாம்.

"இன்னாக்கா, ஒரு பட்டன் தானே. சும்னே ஆமான்னு அமுக்கிட்டுப் போயேன்" என்றான்.

"சுவத்த எங்கப்பான்னு நான் இன்னாத்துக்கு சொல்லணும்?"

அவன் சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

திரும்பிப் பார்த்தபோது திரையில் அம்மா இருந்தாள். போன வாரம் ராதிகாவே எடுத்த படம். கட்டிலில் உட்கார்ந்து முறுக்கு தின்னும் ஜெயம்மா. அவள் கன்னத்தை ஒட்டினாற்போல், தலையணைக்கு மேலே, இடைவெளியே இல்லாமல் அந்த வெறும் கட்டம். 'இருவரும் ஒருவரா?'

உயிரோடு இருப்பவர்களில் அது கேட்ட முதல் ஆள் அம்மாதான்.

அம்மா எப்போது எழுந்து வந்து பின்னால் நின்றாளோ தெரியவில்லை. தைல வாசனை வந்த பிறகுதான் ராதிகா உணர்ந்தாள். ஜெயம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். தன் முகத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த வெறும் சுவரைத் தொட்டாள்.

"இது நான் தானே?" என்றாள்.

ராதிகா இல்லை என்பதை அழுத்தினாள். அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். பிறகு அந்த மென்பொருளைப் பற்றிய கருத்துகளை மறுபடி திறந்து, இந்த முறை அடி வரைக்கும் படித்தாள்.

தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலுமாக நிறையப் பேர் குறை எழுதியிருந்தார்கள். காலியான இடத்தைக் காட்டி யார் என்று கேட்கிறது என்றார் ஒருவர். கேள்வியை எப்படி நிறுத்துவது, குழந்தை பயப்படுகிறாள் என்றார் இன்னொருவர். கம்ப்யூட்டரை விற்றுவிட்டேன், ஆனால் கேள்வி நிற்கவில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஒவ்வொரு குறைக்கும் கீழே அதே ஆள் பிற்பாடு சேர்த்த ஒரு குறிப்பு இருந்தது. மொழிதான் வேறு, வாசகம் ஒன்றே.

'ஆம் என்று சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம்.'

அத்தனை பேரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

ராதிகா அந்த மென்பொருளை நீக்கினாள். அது வைத்திருந்த கோப்புகளைத் தேடித் தேடி அழித்தாள். லேப்டாப்பின் மூடியை அறைந்து சாத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மின்விசிறி மெல்ல நின்றது. மழை இன்னும் தொடங்கவில்லை. கூரைமேல் மணல் விழும் சத்தம் மட்டும் இருந்தது. காற்று நின்ற பிறகும் இருந்தது.

பக்கத்து அறையில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"தெரியலயே" என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ராதிகா போய்ப் பார்த்தாள். ஜெயம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், மூக்கு சுண்ணாம்பில் படுகிற மாதிரி.

"யார்கிட்டம்மா பேசற?"

"கேட்டுகினே இருக்காங்கடி. நானும் அவங்களும் ஒருத்தரான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னும் சொல்லல. எனக்கு ஞாபகம் வரலயே."

மணல் சத்தம் இப்போது கூரையில் இல்லை, சுவருக்குள் இருந்தது. மூங்கில் தட்டிக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் நடுவில் சரசரவென்று இறங்கி வந்து, அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றது. உற்றுக் கேட்டால் அதில் வார்த்தைகள் இருந்தன. பூச்சு லேசாகப் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது. மூச்சு விடுவதுபோல.

அவள் ஓடவில்லை. கட்டிலில் ஏறி அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். சுவரின் ஈரக் குளிர் ரவிக்கையைத் தாண்டி முதுகில் ஏறியது. அம்மாவின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துத் தன்னைப் பார்க்க வைத்தாள்.

"என்னப் பாரும்மா. நீ ஜெயம்மா. ஆறுமுகம் பொண்டாட்டி. நான் ராதிகா, உன் பொண்ணு. சொல்லு."

"ஜெயம்மா" என்றாள் அம்மா.

முதுகுக்குப் பின்னால் பூச்சு நகர்ந்தது. ஒரு மூக்கு. ஒரு வாய். அவளுடைய பிடரியில் பதிந்து, திறந்தது.

"இல்ல" என்றாள் ராதிகா. குரல் உடைந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை, தெரு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். "இல்ல. இது எங்கம்மா. நீ யாரா வேணா இரு. இது எங்கம்மா."

வாய் மூடிக்கொண்டது. சரசரப்பு மெதுவாகக் கீழே இறங்கி, தரைக்கு அடியில், இன்னும் அடியில் போய் ஓய்ந்தது.

அம்மாவின் கையை விடாமலே அவள் போனை எடுத்தாள். நாகேஷிடம் சொல்ல வேண்டும். அவன் வீட்டில் சுமா இருக்கிறாள், குழந்தை அனுப்ரியா இருக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நாகேஷ், அதுல எதையும் அமுக்காத. இன்னா கேட்டாலும்..."

"ஆம் என்று சொல்லிவிட்டேன்" என்றான் தம்பி.

அவன் பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

"இப்போது எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம்" என்றான். பின்னால் சுமாவின் குரல் அதையே சொன்னது. அதற்கும் பின்னால், எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையின் குரல்.

ராதிகா போனை வைத்தாள். அழுகை வந்தது. அதை விழுங்கினாள். முன்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கொல்லைக் கதவையும் போட்டாள். பங்காருபேட்டையிலிருந்து வர அரை மணி நேரமாவது ஆகும் என்று அவள் மனசு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மழை தொடங்கியிருந்தது. வாசலில் மூன்று பேர். நாகேஷின் கட்டம்போட்ட சட்டை, நாகேஷின் தொப்பை. சுமாவின் பச்சைப் புடவை. அனுப்ரியாவின் மஞ்சள் கவுன். உடம்புகள் அவர்களுடையவை. முகம் மட்டும் மூன்று பேருக்கும் ஒன்று. அப்பாவின் நெற்றி, பெரியப்பாவின் தாடை, யாரென்றே தெரியாத எத்தனையோ பேரின் உதடும் கன்னமும் ஒன்றாக அரைத்துப் பூசிய முகம். குழந்தையின் மெல்லிய கழுத்தின்மேல் அதே பெரிய முகம், பாரம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கண்கள் அப்பாவுடையவை. அவை அவளை அடையாளம் கண்டுகொண்டன.

அந்த ஒரு கணம் அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. விரல் இரும்பில் பட்டது. பிறகு விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டாள்.

"இருவரும் ஒருவரா?" என்று வாசல் கேட்டது. மூன்று வாய். ஒரே குரல்.

"இல்ல."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஸ்டீவனின் லுங்கி, ஸ்டீவனின் ஊன்றுகோல். மேலே அதே முகம். அதற்கடுத்த கதவும் திறந்தது. லைன் முழுக்க, ஒவ்வொரு கதவாக. அந்த வீட்டுச் சுவர்களும் கேட்டிருக்க வேண்டும்.

"இல்ல" என்றாள். அம்மாவை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "இல்ல. இல்ல."

வாசலில் நின்ற மூவரும் ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். ஆறு கைகள் கம்பியைப் பிடித்தன. மூன்று முகமும் கம்பிகளுக்கு நடுவே ஒரே இடத்தை நோக்கி நெருங்கின. ஒன்றின்மேல் ஒன்று அழுந்தின. இடித்துக்கொள்ளவில்லை. மூன்றும் ஒரே முகத்தின் இடத்தில் அடங்கின. அந்த முகம் ஜெயம்மாவைப் பார்த்து மறுபடி கேட்க வாய் திறப்பதற்குள், "இல்ல" என்றாள் ராதிகா.