பழைய ஊரில் விடப்பட்டவர்கள்

மணி தப்பான பக்கத்திலிருந்து அடித்தது.

ரோஸ்விதா சமையலறை மேசையில் குழந்தைகள் விளக்கேந்திப் போகும் மார்ட்டின் திருநாளுக்கான ரொட்டிப் பொம்மைகளுக்கு உலர்திராட்சையால் கண் வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. புது லுட்டர்பாகின் தேவாலயம் தெருவுக்கு எதிர்ப்புறம், ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. சத்தம் அங்கிருந்துதான் வரவேண்டும். வந்தது முதுகுக்குப் பின்னாலிருந்து. அறுவடை முடிந்த பீட்ரூட் வயல்களுக்கும் நவம்பர் மூடுபனிக்கும் அப்பால், பழைய லுட்டர்பாக் இருந்த கிழக்கிலிருந்து. அங்கே கோபுரத்தை வசந்த காலத்திலேயே இடித்துவிட்டார்கள். ஊருக்கு இருந்தது ஒரே மணி. அதை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தபோது ஊரே கூட நடந்து வந்தது.

"எவால்ட், மணி கேட்டுச்சா?"

கணவன் காலணியின் சேற்றைத் தட்டிக்கொண்டே, "ம்" என்றான்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். விரிசல் விட்ட கண்ணாடிக் குவளையை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவனைப் போல. மகள் போனதிலிருந்து அப்படித்தான் பார்க்கிறான். "காத்து திரும்பியிருக்கும், ரோஸ்வி" என்றான்.

ரொட்டிகளை வாங்கிப்போக வந்த பக்கத்து வீட்டு கெர்லிண்டா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். "இந்தப் புது ஊர்ல காத்துக்கே வழி தெரியல, நமக்கு எங்க தெரியும்! நேத்து என் வீடுன்னு நெனச்சு யார் வீட்டுக் கதவையோ உடைக்காத குறையா தட்டிட்டேன். அந்த மனுஷன் உள்ளாடையோட வந்து நிக்கிறான்! எல்லா வீட்டையும் ஒரே அச்சுல வார்த்துட்டு..."

மணி மறுபடி அடித்தது.

கெர்லிண்டாவின் பேச்சு பாதியில் நின்றது. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. பின் சுவரைப் பார்த்தாள். பிறகு ரொட்டிகளை அவசரமாகக் கூடையில் அள்ளிக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

நிலக்கரிக்காகப் பழைய ஊரைத் தோண்டுகிறார்கள். வீடுகளுக்குப் பதில் வீடு கிடைத்தது. செத்தவர்களுக்கும் புது இடம் கிடைத்தது. மகள் தில்டா ஏழு வயதில், மூளைக் காய்ச்சலில், ஊரெல்லாம் குழந்தைகள் விளக்குச் செய்துகொண்டிருந்த வாரத்தில் போய்ச் சேர்ந்தவள். அவளுடைய கல்லறையை உயரமான துணித்திரை கட்டித் தோண்டினார்கள். எவால்ட் போனான். ரோஸ்விதாவால் முடியவில்லை. இப்போது அதே கல், அதே பெயர், புது மண். வாரம் தவறாமல் போய் நிற்பாள். அழுகை வராது. அழுகையும் பழைய ஊரிலேயே தங்கிவிட்டது போலிருக்கும்.

வெளியே குழந்தைகள் விளக்கு ஊர்வலத்துக்குக் கூடிக்கொண்டிருந்தார்கள். எவால்ட் உடை மாற்ற மாடிக்குப் போன நேரம் பார்த்து அவள் கார் சாவியை எடுத்தாள்.

பழைய ஊரைச் சுற்றிய வேலியில் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல் இருந்தது. உள்ளே நனைந்த சுண்ணாம்பும், புதிதாகப் பிளந்த மண்ணும், அதற்கடியில் ஏதோ தீய்ந்ததுபோன்ற கரியின் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டியது. அந்தியின் கடைசி வெளிச்சத்தில் தெரு அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் நடக்கக்கூடிய தெருவாகத்தான் இருந்தது, இருபக்கமும் வீடுகள் மட்டும் இல்லை. பஞ்சாயத்து கூடிய பெரிய லிண்டன் மரம் இருந்த இடத்தில் அறுத்த அடிமரம். போரில் செத்தவர்களின் பெயர்ப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு போன சுவரில் ஆணி ஓட்டைகள். கொள்ளைநோய்க் காலத்தில் நட்ட கற்சிலுவை இருந்த குழியில் மழைநீர்.

அப்போதுதான் உறைத்தது. நிலக்கரிப் பள்ளத்தில் பகலிரவு ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும், மண் தோண்டும் அந்த ராட்சதச் சக்கரத்தின் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் மணல் போட்டு மூடிய நீள்சதுரங்கள் வரிசையாகக் கிடந்தன. கேட்க ஆள் இருந்தவர்களை எடுத்துப் போயிருந்தார்கள். மற்றவர்கள் அங்கேயேதான். நூற்றாண்டுகளுக்கு முன்பு சுவீடன் சிப்பாய்கள் தேவாலயத்துக்குள் வைத்துக் கொளுத்திய குடும்பங்கள், கொள்ளைநோயில் ஒரே குழியில் தள்ளப்பட்டவர்கள், எந்தப் போரிலோ விழுந்த சிப்பாய்கள், பிரசவத்தில் போனவர்கள், பெயர் வைக்குமுன் போன சிசுக்கள். பெயர் தெரியாதவர்களை யார் கேட்பது? பாதிரியார் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஜெபம் சொல்லிவிட்டு லாரிக்குப் பின்னால் நடந்தார்.

"அம்மா."

ரோஸ்விதா திரும்பவில்லை. திரும்பினால் இல்லாமல் போய்விடும்.

"அம்மா."

இந்த முறை திரும்பிக் குரல் வந்த பக்கம் நடந்தாள். அவர்கள் வீட்டில் மிச்சமிருந்தது வாசற்படி மட்டும். அதற்குப் பின்னால் மண் அறுந்து பள்ளம். படியில் ஒரு குழந்தை நின்றது. நீலக் கோட்டு. குனிந்த தலை.

"எல்லாரும் எங்கம்மா போனீங்க? தட்டித் தட்டிப் பாத்தேன். கதவே இல்ல. மணியடிச்சாலாவது வருவீங்கன்னு அடிச்சோம்."

அவளுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் உடைந்தது. சேற்றில் முழங்காலிட்டாள். குழந்தையின் கையைப் பற்றி அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, இத்தனை நாளும் வராத அழுகையை அழுதாள். கை ஈர மண்ணைப்போலச் சில்லென்றிருந்தது. அதனால் என்ன? குளிர்காலம்.

"மன்னிச்சுடு கண்ணு. அம்மா உன்ன விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"எங்களையும் கூட்டிட்டுப் போம்மா."

எங்களை. காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

வயல்களின் வழியே ஓடிவரும் காலடி. டார்ச் வெளிச்சம் அவள் முதுகில் பட்டு, தோளில் இறங்கி, கையில் வந்து நின்றது. எவால்ட் மூச்சு வாங்கினான்.

"ரோஸ்வி. கைய விடு."

"நம்ம தில்டா, எவால்ட். இங்கயேதான் நின்னிருக்கா. தனியா."

"தில்டா அங்க, புது ஊர் மண்ணுல இருக்கா. நான் பாத்தேன்." அவன் ஒரு அடி கிட்டே வந்தான். "என் கையாலதான் தூக்கிப் புதுப் பெட்டியில வெச்சேன். அவ பின்னல் அப்படியே இருந்துச்சு. இது அவ இல்ல. விடும்மா. கெஞ்சிக் கேக்குறேன், விடு."

குழந்தை முகத்தை நிமிர்த்தியது.

தில்டாவின் முகம். கண், மூக்கு, விழுந்த பல்லின் இடைவெளி. மச்சம் மட்டும் வலது கன்னத்தில். தில்டாவுக்கு இடது. யாரோ பக்கத்துக் குழியில் படுத்துக்கொண்டு, அவளையே பார்த்துப் பார்த்துப் பழகிய முகம்.

டார்ச் வெளிச்சம் விலகியது. குழந்தையின் மறு கை காலியாக இல்லை. அதைப் பிடித்திருந்தது ஒரு பெண்ணின் கை. பழங்காலத் தலைத்துணி, அதன் பாதி கருகியிருந்தது. அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிப்பாய். அவன் கையை இன்னொருவன். அவனுக்குப் பின் ஒரு கிழவர், இடுப்பில் சிசுவோடு ஒருத்தி. எல்லோரும் தலைகுனிந்து. படியைத் தாண்டி. மண் விளிம்பைத் தாண்டி. கைகோத்த வரிசை பள்ளத்துக்குள் இறங்கிப் போனது.

"அம்மா" என்றது குழந்தை.

"அம்மா" என்றாள் கருகிய பெண்.

"அம்மா." "அம்மா." வரிசை நெடுக. கிழவரின் குரலில். சிப்பாயின் குரலில். பள்ளத்தின் அடியிலிருந்து, மெல்ல, கடைசியாக யாரோ.

எவால்டின் கையிலிருந்து டார்ச் நழுவியது.

ரோஸ்விதாவுக்குத் தெரிந்துவிட்டது. இது தன் பிள்ளை இல்லை. அந்தச் சின்ன விரல்கள் அவள் விரல்களுக்கிடையே நுழைந்து இறுகின. எப்படிப் பிடிக்கும், ஒரு பிள்ளை அம்மாவை! எத்தனை நாளாயிற்று.

அவள் விடவில்லை.

எழுந்தாள். வயல்களுக்கு அப்பால், குழந்தைகள் விளக்கேந்தி நிற்கும் புது ஊரின் பக்கமாகத் திரும்பி முதல் அடி வைத்தாள். பின்னால் சேற்றில் காலடிகள். ஒன்றன்பின் ஒன்றாக, வெறும் பாதங்கள். பள்ளத்துக்குள்ளிருந்து அவர்கள் இன்னும் ஏறி வந்துகொண்டேயிருந்தார்கள்.